அளக்கும்போது பேசக்கூடாது

1

எங்கள் வீட்டில் அரிசி அளக்கும்போது யாரும் பேசக்கூடாது. ஆரம்பாக்கத்தில் அப்படித்தான் இருந்தது. மேற்கு ஜெர்மனியில், மூன்றாம் மாடியில் இருக்கும் இந்த வீட்டிலும் அப்படித்தான் இருக்கிறது. மாலையில் என் மனைவி பாக்கியம் அரிசி டின்னைத் திறந்து, பிடி உடைந்த காபிக் கோப்பையால் மொண்டு, "லாபம்" என்று சொல்லிப் பாத்திரத்தில் கொட்டுவாள். அடுத்தது "ரெண்டு", அதற்கடுத்தது "மூணு". முதல் அளவை "ஒன்று" என்று சொல்லும் வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. எண்ணிக்கை லாபத்தில்தான் தொடங்கும். அவள் அளந்து முடிக்கும்வரை நானும் மகள் கௌரியும் வாய் திறப்பதில்லை. சாதாரண நாளில் நான்கு கோப்பை. சனிக்கிழமை இட்லிக்கு ஊறப்போடும்போது எட்டு.

கௌரிக்கு இது வீட்டு விளையாட்டு. எனக்கு அது விளையாட்டு இல்லை. ஏன் என்று இந்த மாதம் நடந்த ஒரு காரியத்தால்தான் எனக்கே தெளிவானது. அதை ஊரில் இருப்பவர்களுக்கு எழுதி வைக்கிறேன்.

2

சென்ற வாரம் கௌரியின் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சீட்டு வந்தது. வகுப்பு ஆசிரியையைப் பெற்றோர் வந்து பார்க்க வேண்டும். நேரம் பத்து நிமிடம். குழந்தையையும் அழைத்து வரலாம்.

இந்த நாட்டில் நான்காம் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளைப் பிரித்துவிடுகிறார்கள். பல்கலைக்கழகம்வரை கொண்டுபோகும் உயர்பள்ளிக்குச் சிலர் போவார்கள். மற்றவர்கள் சீக்கிரம் படிப்பை முடித்துத் தொழில் பழகப் போவார்கள். யார் எங்கே என்பதில் வகுப்பு ஆசிரியை எழுதும் சொல்லுக்குத்தான் எடை. எங்கள் தொழிற்சாலையில் வேலை செய்யும் வெளிநாட்டுக்காரர்களின் பிள்ளைகளில் ஒருவர்கூட உயர்பள்ளிக்குப் போனதில்லை. கௌரி போக வேண்டும் என்பது என் ஆசை. அதைவிட, போக வேண்டும் என்பது கௌரியின் ஆசை. அந்தப் பள்ளியின் வாசல் வழியாக வரவேண்டும் என்பதற்காகவே தினமும் சுற்றுவழியில் வீட்டுக்கு வருகிறாள்.

"நீ வா" என்று பாக்கியத்தைக் கூப்பிட்டேன்.

"நான் வந்தா நான்தான் பேசுவேன். நீ பாட்டுக்குக் குந்திக்கினு சுவத்தப் பாத்துக்கினு இருப்ப. நீயே போ மாமா."

"எனக்குச் சரியா வராது, பாக்கியம்."

"வந்து பத்து வருசமாச்சு. இன்னும் இன்னா, வாயில கொழுக்கட்டையா?"

பாக்கியம் என் அத்தை மகள். சின்ன வயதிலிருந்தே என்னை இப்படித்தான் பேசுவாள். நான் நாட்குறிப்பை எடுத்து, ஆசிரியையிடம் பேச வேண்டியதை எழுதத் தொடங்கினேன். முதலில் தமிழில், பிறகு அகராதி வைத்துக்கொண்டு ஜெர்மனில். அடித்து, திருத்தி, வேறு மையில் படியெடுத்து, சைக்கிளில் வேலைக்குப் போகும்போது மனப்பாடம் செய்தேன்.

3

என் பயத்தைப் பற்றி வீட்டில் ஒரு கதை உண்டு. விருந்தாளி வந்தால் பாக்கியம் அதைத்தான் முதலில் சொல்வாள்.

நான் தனியாக இங்கே வந்து இறங்கிய வாரம், ஊர் அலுவலகத்தில் பெயர் பதியப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் வரிசையாகக் கேள்வி கேட்டார். புரிந்ததற்கும் "யா" என்றேன், புரியாததற்கும் "யா" என்றேன். திரும்பக் கேட்க வேண்டுமானால் ஒரு வாக்கியம் அமைக்க வேண்டும். அது தப்பாகிவிட்டால் என்ன செய்வது? அவர் எழுதிக்கொண்டார், முத்திரை குத்தினார், கை கொடுத்தார். நான் நிம்மதியாக வெளியே வந்தேன்.

சம்பளச் சீட்டில் மாதாமாதம் ஒரு தொகை பிடிபட்டது. அது என்ன என்று கேட்கவும் ஒரு வாக்கியம் வேண்டும். கேட்கவில்லை. பாக்கியமும் கைக்குழந்தையாகக் கௌரியும் வந்து சேர்ந்த பிறகு, பக்கத்து இயந்திரத்துக்காரர் ஒருநாள் என் சீட்டைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். அந்த அலுவலகத்தில் நான் "யா" சொன்ன கேள்விகளில் ஒன்று, "நீங்கள் புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவரா?" என்பது. இங்கே தேவாலயத்துக்கான வரியைச் சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள்.

பாக்கியம் அப்போது கீழ்வீட்டு அம்மாளிடம் பழகி இருபது முப்பது ஜெர்மன் வார்த்தைகள் சேர்த்து வைத்திருந்தாள். என்னையும் இழுத்துக்கொண்டு அந்த அலுவலகத்துக்குப் போனாள். நெற்றிப் பொட்டைத் தொட்டுக் காட்டினாள், தாலிக் கயிற்றைக் காட்டினாள், கை கூப்பிக் காட்டினாள். பிறகு என்னைச் சுட்டி, "இவர் நல்ல மனிதன். தேவாலயம் இல்லை. வாய் இல்லை" என்று ஜெர்மனில் சொன்னாள். அலுவலகமே சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது.

திரும்பும் வழியில், "கல்யாணத்துக்குக்கூட இத்தினி மொய் எழுதினது இல்ல நீ" என்றாள்.

அவளுக்கு இது எப்படி முடிகிறது என்று யோசித்திருக்கிறேன். ஆரம்பாக்கத்துக்கு அடுத்து ஆந்திரா. பாக்கியத்தின் வீட்டில் கத்தரிக்காயும் வெண்டையும் போட்டார்கள். ரயிலேறி சூளூர்ப்பேட்டைச் சந்தைக்குக் கூடையோடு போய்வருவாள். தெலுங்கில் அவள் ஒரு வாக்கியத்தைக்கூடச் சரியாகச் சொன்னதில்லை. டப்பு, அதாவது காசு, விஷயத்தில் ஒருநாளும் ஏமாந்ததுமில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். கூடூரிலிருந்து வரும் ரயிலில் உட்கார இடம் கேட்டுத் தெலுங்குக்காரர்களோடு சண்டை போட்டுக்கொண்டே வடசென்னையிலிருந்த பட்டறைக்கு வேலைக்குப் போனவன் நான். என் தெலுங்கு சரியா தவறா என்று அப்போது ஒருநாளும் நினைத்ததில்லை. இடம் கிடைத்ததா என்பதுதான் கணக்கு.

அந்த நான் எங்கே போனேன்?

4

போன முறை ஊருக்கு வந்திருந்தபோது கும்மிடிப்பூண்டிப் பக்கமெல்லாம் தொழிற்பேட்டை வரப்போவதாகச் சொல்லி நிலத்தை அளந்து கல் நட்டிருந்தார்கள். எங்கள் களத்துமேட்டில் ஆள் நடமாட்டம் இல்லை, முள் முளைத்திருந்தது. என் தம்பி பயிரை விட்டுவிட்டுக் காலை ரயிலில் வேலைக்குப் போகிறான். நைனா, அதாவது என் அப்பா, பகலெல்லாம் வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் இருந்தார்.

கௌரி அவர் பக்கத்திலேயே இருந்தாள். பழைய அறுவடைக் களத்தில் நான் பட்ட பாடு உட்பட, அவர் சொன்னது அத்தனையும் அவளுக்குப் புரிந்தது. செம்பு எடுத்து வரச் சொன்னால் எடுத்து வந்தாள், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை.

"இன்னாடா, பாப்பா பேசாதா?" என்றார் நைனா.

"பேசும் நைனா. தப்பா வந்துடுமோன்னு வெக்கம்."

"தப்பா வந்தா இன்னா இப்போ? எனக்கு மட்டும் பல்லு கீதா? நான் பேசறதே பாதி காத்துதான்." பிறகு அவள் பக்கம் குனிந்து, "தாத்தான்னு ஒரே ஒரு தபா சொல்லு கண்ணு. கேட்டுக்கினு படுத்துக்கறேன்" என்றார்.

அவள் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

புறப்பட்ட நாளில் ஆரம்பாக்கம் ஸ்டேஷன்வரை நைனா வந்தார். ரயில் நகர்ந்தது. அவர் கையை நெற்றியில் வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு நின்றார். கௌரி கையசைத்தாள். கும்மிடிப்பூண்டி தாண்டி, வயலெல்லாம் பின்னால் போய்க்கொண்டிருந்தபோது, ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "போய்ட்டு வர்றேன் தாத்தா."

ஒரு பிழையும் இல்லை. அத்தனை நாளும் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறாள். சரியாக வந்தபோது கேட்க வேண்டியவர் அங்கே இல்லை.

அன்று பாக்கியம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை. அந்த வாக்கியத்தை நாட்குறிப்பில் எழுதி வைத்தேன்.

5

பள்ளிக்கூடத்துக்குக் கௌரியோடு போனேன். ஆசிரியை இளவயதுப் பெண், கனிவானவர். சின்னப் பிள்ளைகள் உட்காரும் நாற்காலியில் நான் உட்கார வேண்டியிருந்தது. முழங்கால் இரண்டும் நெஞ்சுக்கு வந்துவிட்டன. மனப்பாடம் செய்ததைத் தொண்டைவரை கொண்டுவந்து வைத்திருந்தேன். நான் தொடங்குமுன் அவர் தொடங்கிவிட்டார்.

"கௌரியின் எழுத்தில் பிழையே கிடையாது. கணக்கும் சுத்தம். ஆனால் வகுப்பில் அவள் பேசுவதில்லை. நான்காண்டுகளில் ஒருமுறைகூடக் கை தூக்கியதில்லை. உயர்பள்ளியில் பாதி மதிப்பெண் பேசுவதற்குத்தான். அங்கே அவள் முழுகிப்போவாள். மற்றப் பள்ளிதான் அவளுக்குச் சுகம் என்று எழுத இருக்கிறேன்." பிறகு கேட்டார்: "வீட்டிலும் இப்படித்தானா?"

நான் எழுதித் திருத்தியதில் இந்தக் கேள்விக்கு இடம் இல்லை. கௌரியைப் பார்த்தேன். தலை குனிந்து, சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். ஆசிரியை பொறுமையாகக் காத்திருந்தார். "யா" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடலாம். அந்த ஒரு வார்த்தை என் வாய்நுனியில் இருந்தது.

சொல்லவில்லை. வேறு என்ன சொல்வது என்று தேடியபோது மனதில் வந்து நின்றது எங்கள் களம்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஓர் அறுவடை. பட்டறையில் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். தூற்றிய நெல் அம்பாரமாகக் கிடக்கிறது. நைனா மரக்காலால் அளந்து கொட்டுகிறார். அவருக்கு மூச்சு வாங்குவதால் எண்ணிக்கையைச் சத்தமாகச் சொல்வது என் வேலை. "லாபம், லாபம்... ரெண்டு, ரெண்டு..." என்று அடுத்த மரக்கால் விழும்வரை அதே எண்ணைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். களத்தில் வேறு யாரும் பேசக்கூடாது. கூலிநெல் வாங்க ஆட்கள் கூடையோடு சுற்றிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். பொழுது சாய்கிறது. அந்த நேரம் பார்த்து ரயில் ஊதியது. நான் சொன்ன எண் எனக்கே சந்தேகமாகிவிட்டது. ஒன்றைச் சொன்னேன், இல்லை என்று இன்னொன்றைச் சொன்னேன். களமே என்னைத் திரும்பிப் பார்த்தது. எண்ணிக்கை முறிந்தால் எங்கள் ஊரில் ஒரே வழிதான். நைனா அளந்த நெல்லையெல்லாம் அம்பாரத்திலேயே திரும்பக் கொட்டினார்.

"மெட்ராசுல ரெண்டுக்கு அப்புறம் இன்னா வரும்னு சொல்லித் தரல போல" என்றார் பக்கத்து வயல்காரர். எல்லாரும் சிரித்தார்கள். நெல் சரிந்து விழும் அந்தச் சத்தம் அன்றிலிருந்து என் காதில் இருக்கிறது.

அவள் பேசாதது என்னிடமிருந்து வந்த பயம் என்று காட்ட, இதை ஆசிரியையிடம் சொல்லத் தொடங்கினேன். "என் அப்பா... நெல்... பெரிய... மலை" என்றேன். ஆண்பால், பெண்பால் எல்லாம் காற்றில் போயின. வினைச்சொல்லே வரவில்லை. மேசைமேல் பிள்ளைகள் எண்ணப் பழகும் மரமணிப் பெட்டி ஒன்று இருந்தது. அதை எடுத்து மேசையில் கவிழ்த்துவிட்டேன். மணிகள் குவிந்தன, சில தரையில் உருண்டன. பெட்டியின் மூடியை மரக்காலாக்கி, குவியலிலிருந்து மொண்டு ஒரு பக்கம் கொட்டினேன். "லாபம்! ரெண்டு! மூணு!" தமிழில்தான் எண்ணினேன். பிறகு, "நான்... தப்பு!" என்று நெஞ்சில் தட்டிக்கொண்டு எல்லாவற்றையும் குவியலிலேயே திரும்பத் தள்ளினேன்.

ஆசிரியை மணிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் இரக்கம் வந்தது.

"அப்படியானால், வீட்டில் எண்ணும்போது கௌரி தடுமாறுகிறாளா? கணக்கும் அவளுக்குக் கடினமா?" என்று கேட்டுக்கொண்டே பேனாவை எடுத்தார்.

இருந்ததையும் கெடுத்துவிட்டேன்.

"இல்லை!"

கௌரியின் குரல். நாற்காலியை விட்டு எழுந்திருந்தாள். ஜெர்மனில் படபடவென்று பேசினாள். "எனக்குக் கணக்கு வரும்! பப்பா சொல்வது அது இல்லை. அது தாத்தாவின் நெல். அங்கே அளக்கும்போது யாரும் பேசக்கூடாது. பப்பா தப்பாக எண்ணிவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அதனால் தாத்தா அதையெல்லாம்... தாத்தா அதை..."

நின்றுவிட்டாள். வார்த்தை கிடைக்கவில்லை, அல்லது தவறான வார்த்தை வந்துவிட்டது. எது என்று எனக்குத் தெரியவில்லை. காது சிவந்தது. கை மறுபடியும் பொத்தானுக்குப் போனது. ஆசிரியை ஏதோ எடுத்துக்கொடுக்க வாய் திறந்தார். கௌரியின் அந்த முகத்தை நான் அறிவேன். அது என் முகம். ரயில் ஜன்னல் கம்பியில் பார்த்த முகம்.

"கொட்டிட்டு மறுபடி அள, கண்ணு" என்றேன், எங்கள் பேச்சில்.

என்னைப் பார்த்தாள். மேசையில் கிடந்த மணிகளைப் பார்த்தாள். ஒரு மூச்சு விட்டாள். பிறகு, "முதலிலிருந்து சொல்கிறேன்" என்று ஆசிரியையிடம் சொல்லிவிட்டு, முதலிலிருந்து சொன்னாள். இரண்டு இடத்தில் இடறினாள். இரண்டு இடத்திலும் திரும்பிப் போய்ச் சொன்னாள். எங்களுக்குக் கொடுத்த பத்து நிமிடம் எப்போதோ முடிந்துவிட்டது. கதவுக்கு வெளியே அடுத்த பெற்றோர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஆசிரியை பேனாவை மூடி வைத்தார். "கோடைவரை நான் எழுதப்போவதில்லை. இந்தக் குரலை வகுப்பில் கேட்க வேண்டும். கேட்டால் வேறு மாதிரி எழுதுகிறேன்" என்றார்.

தரையில் உருண்டிருந்த மணிகளை மூவரும் பொறுக்கினோம்.

6

வரும் வழியில் எனக்கு ஒன்று தோன்றியது. அன்று களத்தில் நைனா திரும்பக் கொட்டியதும் மறுபடி அளந்தோம். இருட்டு முழுவதும் இறங்குவதற்குள் அளந்து முடித்தோம். எல்லாரும் கூலிநெல் வாங்கிக்கொண்டு போனார்கள். சிரித்த பக்கத்து வயல்காரர்தான் மூட்டை தூக்க எனக்குக் கை கொடுத்தார். கொட்டிய நெல்லில் ஒரு மணிகூடக் குறையவில்லை. இத்தனை வருடமாகக் கொட்டிய சத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு, மறுபடி அளந்ததை விட்டுவிட்டேன். அதை நாட்குறிப்பிலும் எழுதியிருக்கவில்லை. இப்போது எழுதிவிட்டேன்.

நைனாவுக்கு எழுத்து தெரியாது. ஆரம்பாக்கத்தில் இதைப் படிப்பவர் யாராவது வேப்பமரத்தடிக்குப் போய் அவருக்கு வாசித்துக் காட்டினால் நல்லது. அடுத்த முறை வரும்போது பாப்பா பேசும் என்று சொல்லுங்கள். தப்புத்தப்பாகத்தான் பேசும் என்றும் சொல்லுங்கள். வேப்பம்பூ உதிரும் அந்தக் கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்க வேண்டும் என்று இங்கே பனி பார்க்கும் ஒவ்வொரு காலையிலும் நினைத்துக்கொள்கிறேன்.

நேற்று சனிக்கிழமை. இங்கே சனிக்கிழமையும் மதியம்வரை பள்ளி உண்டு. பாக்கியத்துக்குக் கை வேலையாக இருந்ததால் இட்லிக்கு அரிசி அளக்கக் கௌரியிடம் கோப்பையைக் கொடுத்திருந்தாள். நான் வழக்கம்போல வாயை மூடிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

"லாபம்" என்றாள். "ரெண்டு. மூணு." நான்காவதை மொண்டுகொண்டே, "நான் இன்னிக்கு கை தூக்கிச்சேன்" என்றாள்.

பாக்கியம் திரும்பிப் பார்த்தாள். அளக்கும்போது பேச்சு. நான் விரலை உதட்டுக்குக் கொண்டுபோனேன், பாதியில் இறக்கிவிட்டேன்.

"டீச்சர் கேட்டாங்களா?" என்றேன்.

"கேட்டாங்கோ. சொன்னேன். தப்பு."

"அப்புறம்?"

"எல்லாம் சிரிச்சிச்சு." ஒரு கோப்பை கொட்டினாள்.

"அப்புறம் இன்னாடி பண்ண?" என்றாள் பாக்கியம்.

"அப்புறம் மறுபடி தூக்கிச்சேன்."

அவள் தமிழில் எத்தனை திருத்தம் இருந்தது என்று நான் கணக்கு வைக்கவில்லை. பேசிக்கொண்டே மொண்டாள், கொட்டினாள். யார் சிரித்தார்கள், யார் சிரிக்கவில்லை, ஆசிரியை என்ன சொன்னார், எல்லாம் வந்தது. பிறகு பாத்திரத்தை எட்டிப் பார்த்தாள்.

"இது அஞ்சா, ஆறா?"

எனக்குத் தெரியவில்லை. பாக்கியத்துக்கும் தெரியவில்லை. கௌரி தோளைக் குலுக்கினாள். பாத்திரத்தை இரண்டு கையாலும் தூக்கி, அரிசி முழுவதையும் டின்னில் திரும்பக் கொட்டினாள். அந்தச் சத்தம் சமையலறை முழுவதும் கேட்டது. கோப்பையை எடுத்தாள்.

"லாபம்" என்றாள். "அப்புறம் கேளு, இன்னா ஆச்சு தெரியுமா?"